கழுவாத வாய்

“இது சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுமா?”

கேட்டவள் எம்மலின். அப்போது அவளுக்கு ஏழு வயது. அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்து எல்லாரும் சபையின் கீழ்க்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த டாக்டர் மரியன் கெஸ்லர் சுவரில் ஒரு வெள்ளைப் படுதாவைக் கட்டி, நுண்ணோக்கியில் தெரிவது அதில் விழும்படி செய்திருந்தார். எங்கள் சபையின் டென்வர் டோலருடைய ஈறிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சுரண்டி எடுத்த அழுக்கு அது. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஓர் உயிர், கரண்டியிலிருந்து வழிகிற மாவைப் போல மெல்ல நகர்ந்து வந்து, எதிரே கிடந்த வெள்ளையணு ஒன்றைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் எம்மலின் அப்படிக் கேட்டாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பண்ணாதும்மா. அதனாலதான் எப்ப நிறுத்தறதுன்னு அதுக்குத் தெரியல,” என்றார்.

எந்தச் சபைக்கும் போகாத பெண்மணி, ஒரு குழந்தையின் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் பதில் சொன்னது எங்களுக்குப் பிடித்துப்போனது. அன்றைக்கே முப்பத்து நான்கு பேர் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தார்கள்.

எங்கள் பெல்சர் ஃபோர்க் பள்ளத்தாக்கில் மூச்சைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர்களின் நுரையீரல் தூசியால் புண்பட்டு, புண் ஆறி ஆறித் தழும்பாகி, கடைசியில் தோலைப் போலக் கெட்டியாகிவிடும். அந்தத் தழும்பு சிலருக்கு மெதுவாக வளர்கிறது, சிலருக்கு வேகமாக. ஏன் என்பதுதான் டாக்டர் கெஸ்லரின் கேள்வி. பாதி உலகத்தின் ஈறுகளில் சும்மா குடியிருக்கும் இந்த வாய் அமீபா, தூக்கத்தில் எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்கி, ஏற்கெனவே கெட்ட நுரையீரலை இன்னும் கெடுக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். பதினேழு சுரங்கத் தொழிலாளிகள். ஒவ்வொருவருக்கும் ஜோடியாக, அதே வயதில், அதே பள்ளத்தாக்கில், சொந்தப் பல்லோடு இருக்கிற, சுரங்கத்துக்குள் காலே வைக்காத ஒருவர். அக்டோபரில் ஒரு தடவை ஈறைச் சுரண்டிப் பார்ப்பது, ஏப்ரலில் ஒரு தடவை. இரண்டு தடவையும் அமீபா இருக்கிற தொழிலாளிகளை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுப்பார்கள். அவர்களுடைய ஜோடியும் இரண்டு தடவை மாதிரி கொடுத்திருக்க வேண்டும். அடுத்த கட்டம் என்பது ஈறை ஆழமாகச் சுத்தம் செய்து, ஒரு பழைய மாத்திரையைக் கொடுத்து, இரண்டு வருஷம் மூச்சை அளந்துகொண்டே வருவது.

டென்வர் டோலர் இதில் இடம் கிடைக்க வேண்டும் என்று காத்திருந்தார். அவருக்கு அறுபத்தொரு வயது. இருபத்தொன்பது வருஷம் சுரங்கத்துக் கூரையில் துளை போட்டு இரும்புக் கம்பியை முறுக்கி ஏற்றிய மனிதர். தலைக்கு மேலே மணற்பாறை, வாய்க்குள்ளே அதன் தூள். நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் கோழிமுட்டை அளவுக்குத் தழும்புக்கட்டி. எங்கள் சபையில் பாட்டின் ஒவ்வோர் அடியையும் முதலில் ஒருவர் தனியாக எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். பதினெட்டு வருஷம் எடுத்துக் கொடுத்தவர் டென்வர். போன வருஷம் ஒருநாள் பாதி அடியில் மூச்சு நின்றது. புத்தகத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு பாட எழுந்திருக்கவில்லை. மற்ற டாக்டர்கள் எல்லாரும் அவருக்குக் கொடுத்தது ஆக்ஸிஜன் குழாய் மட்டும்தான். கெஸ்லர் ஒருத்தர்தான், “சரியாகும்னு சொல்ல மாட்டேன். தழும்பு போகாது. அது வளர்ற வேகம் குறையுமான்னு பார்க்கலாம்,” என்றவர். பொய் கலக்காத அந்தப் பேச்சு டென்வருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் மனைவி ட்ரீமா எங்கள் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஈறில் வலிக்காமல் மாதிரி எடுக்க டாக்டர் அவளுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். காலையில் வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினின் வடிகட்டியைக் கழுவி, குழாயில் தேங்கின தண்ணீரை உதறி, பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டிக்குக் குழம்பு காய்ச்சி வைத்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் கிளினிக்கைத் திறந்துவிடுவாள். யாருக்கும் சங்கடம் வரக் கூடாது என்பது அவளுடைய சுபாவம். இந்தக் கதையில் நடந்த தப்பும் அங்கிருந்துதான் வந்தது.

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் சபையில் காட்டுப்பூண்டு விருந்து. ராம்ப் என்போம். மலையின் வடக்குச் சரிவில், மற்ற எதுவும் துளிர்ப்பதற்கு முன்னால், அகலமான பச்சை இலையோடு முளைத்து நிற்கும். ஆண்கள் மண்வெட்டியோடு போய்ச் சாக்குச் சாக்காகக் கொண்டுவருவார்கள். பெண்கள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து மண்போகக் கழுவி நறுக்குவோம். பன்றிக் கொழுப்பை உருக்கி, உருளைக்கிழங்கோடு வதக்கி, மேலே முட்டையை உடைத்து ஊற்றுவோம். அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் அதற்குத் துணை. ருசி அப்படி. நாற்றமும் அப்படித்தான். மூன்று நாளைக்கு வாயில் மட்டுமல்ல, வியர்வையிலும் வரும். அந்தக் காலத்தில் காட்டுப்பூண்டு தின்றுவிட்டு வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்காகவே தின்றுவிட்டுப் போனவர்களும் உண்டு.

டாக்டர் கெஸ்லரும் விருந்துக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். மாதிரி எடுக்கும் நாள் அடுத்த திங்கட்கிழமை.

ஞாயிறு மத்தியானம் ட்ரீமா யோசித்துப் பார்த்தாள். கிளினிக்கின் சின்ன அறை. ஜன்னல் திறக்காது. முப்பத்து நான்கு பேர் வாயைத் திறக்க, அந்தப் பெண்மணி குனிந்து பார்க்க வேண்டும். பாவம் என்று தோன்றியது. தொலைபேசியை எடுத்து வீடு வீடாகக் கூப்பிட்டாள். சமையல் சோடாவும், புண்ணுக்கு ஊற்றும் பெராக்ஸைடும் கலந்து, ராத்திரி ஒரு தடவையும் காலையில் ஒரு தடவையும் நன்றாகக் கொப்பளித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னாள். எடுத்தவர்கள் எல்லாரும் சரி என்றார்கள். அவள் சொல்லாவிட்டாலும் பாதிப் பேர் செய்திருப்பார்கள். வைத்தியரிடம் போகும்போது வாயும் உள்ளாடையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்கள் அம்மாக்கள் எங்களை வளர்த்தார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இன்று காலை பல் தேய்த்தீர்களா? ஒருவரும் தேய்க்கவில்லை. எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மே மாதம் முதல் வாரத்தில் டாக்டர் கெஸ்லர் முகமெல்லாம் மலர்ந்து வந்தார். கூடவே ஃபிலிப் என்ற அவருடைய மாணவர். அக்டோபரில் முப்பத்து நான்கு பேரில் இருபத்தொரு பேருக்கு அமீபா இருந்தது. ஏப்ரலில் நான்கே பேருக்கு. ஃபிலிப்புக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காட்டுப்பூண்டில் ஏதோ மருந்து இருக்கிறது, இரண்டு சாக்கு வேண்டும், அரைத்துச் சாறெடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டர் ட்ரீமாவைத் தனியாக அழைத்து, டென்வருக்கும் இந்தத் தடவை அமீபா இல்லை, அதனால் அடுத்த கட்டத்தில் அவர் வர முடியாது, ஒருவகையில் அது நல்ல சேதிதான் என்று மென்மையாகச் சொன்னார்.

ட்ரீமா அந்த நான்கு பேரின் பெயரைக் கேட்டாள். ஞாயிறு மத்தியானம் தொலைபேசியை எடுக்காத வீடுகள் நான்கு. அதே நான்கு பேர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். கிழக்கே மேகம் கூடியிருந்தது. இருட்டுவதற்குள் இரண்டு சாலாவது முடித்தாக வேண்டும். ட்ரீமா மண்ணை வெட்டிப் போக, டென்வர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முளை இருக்கும்படி விதைக்கிழங்கை நறுக்கிக் கொடுத்தார். அவர் செய்யக்கூடிய வேலை அது. அதை யாரும் அவரைவிட நன்றாகச் செய்ய முடியாது. ட்ரீமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

டென்வர் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

“அந்தப் பையன் ரெண்டு சாக்கு கேட்டானா?”

“சிரிக்காதே டென்வர். உன் இடம் போச்சு. நான்தான் போக்கினேன்.”

“நீ கூப்பிடலைன்னாலும் நான் கொப்பளிச்சிருப்பேன். அந்தம்மா மூஞ்சில போய் அந்த நாத்தத்தை ஊதச் சொல்றியா? கூரை இடிஞ்சு விழுந்த அன்னைக்குக்கூட நான் வாயைக் கழுவிட்டுத்தான் ஆம்புலன்ஸ்ல ஏறினேன்.”

“சொன்னா வேலை போயிடும்னு நினைக்கிறேன். மாதிரி கெட்டுப்போக நானே காரணம்னு ஆயிடுச்சுல்ல.”

“போகலாம்.” டென்வர் ஒரு கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முளையை எண்ணினார். “நீ சொல்லாம விட்டா அந்தப் பையன் என்ன பண்ணுவான்? பூண்டு மருந்துன்னு எழுதுவான். எங்கேயோ என்னை மாதிரி ஒருத்தன் அதை நம்பி, பூண்டைத் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு என்ன மூச்சு மிச்சம் இருக்கோ.”

“அப்ப சொல்லிடறேன்.”

“நாளைக்கே சொல்லு. இப்ப அந்தச் சால் வரிசையை முடி, மழை வருது.”

மறுநாள் காலை, தன்னிடமிருந்த கிளினிக் சாவியை டாக்டரின் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் ட்ரீமா பேச ஆரம்பித்தாள். டாக்டர் கெஸ்லர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் படிவத்தை எடுத்து அந்த ஒரு கேள்வியை வாசித்தார்.

“ஏன் ஒருத்தர்கூட இதுல எழுதல?”

“பல் தேய்ச்சீங்களான்னுதான் கேட்டிருக்கு, டாக்டரம்மா. கொப்பளிச்சீங்களான்னு கேட்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். நாங்க பொய் எழுத மாட்டோம்.”

டாக்டர் அந்தத் தாளைக் கீழே வைத்தார். பிறகு சாவியை மேஜைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். “கேள்வி சரியில்ல. அது என் கேள்வி,” என்றார். சற்றுப் பொறுத்து, “என் மூக்குக்காகவா?” என்று கேட்டார். ஆமாம் என்றாள் ட்ரீமா. அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபிலிப் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

ஆராய்ச்சியை மேற்பார்க்கும் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி, மாதிரியைத் திரும்ப எடுக்க டாக்டர் அனுமதி வாங்கினார். இரண்டு வாரம் கிடைத்தது. கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. இந்தத் தடவை நிபந்தனை தெளிவாக இருந்தது: வருவதற்கு முந்தின இரண்டு முழு நாள் பல் தேய்க்கக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, புதினா மிட்டாய்கூட வாயில் போடக் கூடாது.

இதைத் தொலைபேசியில் சொல்ல ட்ரீமாவுக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து ஒவ்வொரு சாயங்காலமும் காரில் வீடு வீடாகப் போனாள். தப்பு தன்னுடையது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஒரு வீட்டில், இரண்டு நாள் வாய் கழுவாமல் இருக்க அரசாங்கமே சொல்கிறதா என்று ஒரு கிழவர் சந்தோஷப்பட்டார். அவர் மனைவி, அந்த இரண்டு நாளும் நாய்க்கூண்டில் படுத்துக்கொள் என்றாள். பெரும்பாலும் அப்படிச் சிரிப்பிலேயே போயிற்று. ஓலீட்டா ப்ராக் வீட்டில்தான் சிரிப்பு வரவில்லை.

ஓலீட்டா, டென்வரின் ஜோடி. அதே அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர். அவர் அடுப்பங்கரைத் தரையில் விழுந்த ரொட்டியை எடுத்துத் தின்னலாம் என்பார்கள். கணவர் ஓக்கி பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர், இறந்து ஒன்பது வருஷம். ஓலீட்டா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடிக்கொள்ளும். கீழ்ப்பல் எல்லாம் கோணலாகி, ஈறு இறங்கி, வேர் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்போம்.

ட்ரீமா போனபோது அவர் புளிப்பான ருபார்ப் கீரையின் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

“அன்னைக்கு ஃபோன்ல கழுவிட்டு வான்னே. இன்னைக்கு வாசல்ல வந்து நின்னு கழுவாம வான்னு சொல்றே. என் வாயைப் பத்தி என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கே நீ?”

“தப்பு என்னோடது, சிஸ்டர்.”

“முன்னூறு பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டவ நான். சுத்தத்துக்கு எங்கிட்ட வந்து பாடம் படிச்சவங்க உண்டு. என் பல்லை எங்க ஓக்கிகூட வெளிச்சத்துல பார்த்ததில்ல. அக்டோபர்ல நான் வந்ததே, முந்தின ராத்திரி மூணு தடவை தேய்ச்சுட்டு, காலையில மட்டும் தேய்க்காம மனசைக் கல்லாக்கிட்டுத்தான். ரெண்டு நாளா?”

“வேண்டாம்னா வேண்டாம். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க.”

“நான் வரலைன்னா எனக்குப் பதிலா யாரு?”

ஜோடி உடைந்தால் டென்வர் வெளியே போய்விடுவார் என்பதைச் சொல்லிவிடலாம். வரும் வழியெல்லாம் அது ட்ரீமாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஒருத்தியுடைய வெட்கத்தைத் தன் புருஷனுடைய மூச்சோடு தராசில் போட்டு அவள் முன்னால் நீட்டுவது நியாயமில்லை என்று பட்டதால் வாயை மூடிக்கொண்டாள்.

“அறுபது தாண்டி சொந்தப் பல்லோட இந்தப் பள்ளத்தாக்குல எத்தனை பேர் இருக்கோம்?” என்றார் ஓலீட்டா. “மத்தவங்க எல்லாருக்கும் பல் ராத்திரி தம்ளர்லதானே தூங்குது.” அதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை. தண்டுகளைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டார். “எனக்கு அடுப்புல வேலை இருக்கு, ட்ரீமா.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் டென்வர் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டார்.

“என் பேரைச் சொன்னியா?”

“சொல்லல.”

“நல்லது. இன்னொரு தடவை போகாதே. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதோட விட்டுடு.”

“நாளாக நாளாக உனக்கு மூச்சு குறையுது, டென்வர். நான் பக்கத்துல படுத்திருக்கேன். எனக்குக் கேட்குது.”

“எனக்கும்தான் கேட்குது,” என்றார் அவர். “அதுக்காக ஒரு பொம்பளையை வெட்கப்பட வைக்க முடியுமா?”

முப்பத்து மூன்று பேர் வந்து மாதிரி கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். டென்வர் கடைசி நாளான திங்கட்கிழமைக்குப் பெயர் கொடுத்தார். அமீபா கிடைத்தாலும் ஜோடி இல்லாமல் பயனில்லை என்று தெரிந்தும் அவரும் சனிக்கிழமையிலிருந்து பல் தேய்க்கவில்லை. நாம் செய்ய வேண்டியதை நாம் செய்வோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஓலீட்டா வரவில்லை. இடது பக்கம் மூன்றாவது வரிசை, சுவரோரம் அவர் இடம். ஓக்கியை அடக்கம் செய்த மறுநாள்கூட அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர். உடம்பு சரியில்லையோ என்று போதகர் கேட்டார். வரும் வழியில் பார்த்தேன், முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ட்ரீமாவோடு மனஸ்தாபம் என்றுதான் நானும் நினைத்தேன். ட்ரீமாவும் அப்படியே நினைத்து, பாட்டு நடக்கும்போது தலை நிமிரவில்லை. டென்வர் அந்தக் காலி இடத்தை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

திங்கள் காலை பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். ஏழு மணிக்கு முன்பே ட்ரீமா கிளினிக்கைத் திறக்கப் போனாள். வாசலில் ஓலீட்டாவின் பழைய நீலக் கார் நின்றது. உள்ளே அவர், மே மாதத்தில், கம்பளிச் சால்வையை மூக்குவரை சுற்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்ததும் முதலில் சொன்னது, “யாராவது இருக்காங்களா?” என்பதுதான்.

டாக்டர் மட்டும் பின்னறையில் இருக்கிறார், வேறு யாருமில்லை என்றாள் ட்ரீமா. அவரை உள்ளே அழைத்துப்போய், ஜன்னல் திரையை இறக்கி, முன்கதவைத் திரும்பவும் பூட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்த ஓலீட்டா சால்வையை அவிழ்க்கவில்லை. விரல்கள் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“சனிக்கிழமையிலிருந்து,” என்றார் துணிக்குள்ளிருந்து. “இந்த வாயோட கர்த்தருடைய வீட்டுக்கு எப்படி வர்றது? அதான் வரல. நீ தப்பா நினைச்சிருப்பே.”

“நினைச்சேன். மன்னிச்சுக்குங்க, சிஸ்டர்.”

“டென்வர்கிட்ட சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே. நான் வந்தேன், குடுத்தேன், அவ்வளவுதான்.”

“சொல்ல மாட்டேன்.” ட்ரீமா முகக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “நானும் ரெண்டு நாளா தேய்க்கல. எல்லாரையும் இப்படி வரச் சொல்லிட்டு நான் மட்டும் மணக்க மணக்க நின்னா நல்லாவா இருக்கும்? நேத்து சபையில நான் வாயே திறக்கல, பார்த்துக்குங்க. போதகர் கைகுலுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்.”

ஓலீட்டா அவளைப் பார்த்தார். சால்வைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு அந்த அறையில் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சால்வை கழுத்துக்கு இறங்கிவிட்டது. கை வாய்க்குப் போகவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓலீட்டா விளக்குக்கு நேரே முகத்தை உயர்த்தி வாயைத் திறந்தார். ட்ரீமா தன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக யாருக்கும் மாதிரி எடுத்ததில்லை.

பின்னால் ஒருநாள் ஓலீட்டாவே இதை என்னிடம் சொன்னார், வாயை மூடாமல் சிரித்துக்கொண்டே. ட்ரீமா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒன்பது மணிக்கு டென்வர் வந்தார். அமீபா சூடு ஆறினால் அசைவை நிறுத்திவிடும் என்பதால், எடுத்த கையோடு கண்ணாடித் துண்டைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். டாக்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. வெளியே டென்வரின் ஆக்ஸிஜன் குடுவை டிக், டிக் என்று மூச்சுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தது.

“மூணு இருக்கு,” என்றார் டாக்டர். “நல்லா நடமாடுது.”

“எனக்குள்ள பூச்சி இருக்குன்னு கேட்டு சந்தோஷப்படுறது இதுதான் முதல் தடவை,” என்றார் டென்வர்.

“பூச்சி இல்ல, மிஸ்டர் டோலர். அமீபா.”

“பேர் எதுவா இருந்தா என்ன, நல்ல சமயத்துல வந்திருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா எனக்கு ஜோடி இல்லையே, டாக்டரம்மா,” என்றார்.

“இருக்காங்களே. காலையில முதல் மாதிரியே அவங்களோடதுதான். நீங்க அடுத்த கட்டத்துல இருக்கீங்க.”

டென்வர் ட்ரீமாவைப் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவர், “ஞாயித்துக்கிழமை...” என்று ஆரம்பித்தார். ட்ரீமா பாதையையே பார்த்து ஓட்டினாள். திங்களிலிருந்து பின்னால் இரண்டு நாளை எண்ணத் தெரியாதவரில்லை டென்வர். மூன்றாவது வரிசைச் சுவரோரம் ஏன் காலியாக இருந்தது என்று அந்தத் திருப்பத்துக்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்பதும் புரிந்தது. அந்தப் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. ஓலீட்டாவிடம் போய் நன்றி சொல்லவும் வழியில்லை. நன்றி சொன்னால் தெரிந்துவிட்டது என்றாகிவிடும்.

சிகிச்சை அந்த வாரமே தொடங்கியது. ஈறைச் சுத்தம் செய்த அன்று டென்வரால் சூப் மட்டும்தான் குடிக்க முடிந்தது. மாத்திரை வாயில் தகரத்தை நக்கியது போலக் கசந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் முதல் அளவு எடுப்பார்கள் என்றார்கள். அவர் நாள்காட்டியில் ஆகஸ்டு மாதத்தில் ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொண்டார்.

மே கடைசி ஞாயிறு எங்களுக்குக் கல்லறையில் பூ வைக்கும் நாள். பள்ளத்தாக்கின் கல்லறைகள் எல்லாம் மலைமுதுகில் இருக்கின்றன. அதற்கு முந்தின வாரத்தில் ஒவ்வொரு குடும்பமும் மேலே போய்ப் புல்லை வெட்டி, கல்லைத் தேய்த்து வைக்கும். ஓலீட்டாவுக்கு இடுப்பெலும்பு போய் இரண்டு வருஷம். ஞாயிறன்று யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு. போய்ப் பார்த்தால் ஓக்கியின் கல்லை முள்ளும் பாசியும் மூடியிருக்கும். அதன் மேலேயே பூவை வைத்துவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாதவர்.

வியாழக்கிழமை ட்ரீமா வேலைக்குப் போன பிறகு, டென்வர் காட்டுப்பாதையில் போகிற சின்ன வண்டியை வெளியே எடுத்தார். பின்னால் இரண்டு ஆக்ஸிஜன் குடுவை, ஒரு கேன் தண்ணீர், அரிவாள், பாத்திரம் தேய்க்கிற பிரஷ். வண்டி போகிற பாதை கல்லறைக்கு நாற்பது அடி கீழேயே முடிந்துவிடும். மீதியை நடந்தார். ஐந்து அடிக்கு ஒரு தடவை நின்று, உதட்டைக் குவித்து மூச்சை விட்டு, அடுத்த ஐந்துக்குப் போனார். தண்ணீர்க் கேனுக்காகத் திரும்பவும் ஒரு தடவை இறங்கி ஏற வேண்டியிருந்தது.

முள்ளை வேரோடு பிடுங்கினார். புல்லை அரிந்தார். பிறகு கல்லின் முன்னால் முழங்காலிட்டு, பாசியை நனைத்து, எழுத்து எழுத்தாகத் தேய்த்தார். ஓ முடிய ஒரு மூச்சு, க் முடிய ஒரு மூச்சு. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கல்லில் நெற்றியை வைத்துக் காத்திருந்தார். முதல் குடுவை தீர்ந்து இரண்டாவதை மாற்றிக்கொண்டார். ஓக்கியின் பெயர் வெளுத்து வந்தது. பிறகு பிறந்த வருஷம், இறந்த வருஷம். பக்கத்தில், ஓலீட்டாவின் பெயருக்கென்று விட்டிருந்த வெற்றிடத்தையும் துடைத்தார். டோலர் குடும்பத்துக் கல்லறைகள் பத்தடி தள்ளி, இன்னும் புல் மூடித்தான் இருந்தன. அதைச் சனிக்கிழமை ட்ரீமாவோடு வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வெட்டின முள்ளையெல்லாம் அள்ளி, கண்ணுக்குத் தெரியாதபடி மறுபக்கச் சரிவில் போட்டார். மேலே பருந்து ஒன்று வட்டமிட்டது. வேறு யாருமில்லை. இறங்கப் போனவர் திரும்பிப் பார்த்தார். கல்லின் முன்னால், அவர் முழங்கால் அழுந்தின இரண்டு இடத்தில் புல் படுத்துக் கிடந்தது. மெல்லக் குனிந்து, அதை விரலால் நிமிர்த்திவிட்டார்.